ஆண்பிள்ளைக்கு ஏன் சலங்கை?

நம் நாட்டில் நாட்டியமாடி உலகப் புகழ் பெற்ற ஆண்மகன் யார் என்று கேட்டால், கலை பற்றிச் சிறிதேனும் அறிந்த தமிழர் எவரும் தயங்காமல் ஒரே பெயரைத்தான் சொல்வர்: ரம்லி இப்ராஹிம். சொல்லும்போதே அவர்தம் முகத்தில் பெருமிதம் பொங்கும். 'மலாய்க்காரர் ஒருவர் நம் கலையைக் கற்று எப்படி ஆடுகிறார் பாருங்கள்!' என்பர். மேடையில் அவரைக் கண்டால் எழுந்து நின்று கைதட்டுவர். நன்று. ஆனால் அதே தமிழரிடம், 'உங்கள் மகனை நாட்டிய வகுப்புக்கு அனுப்புவீர்களா?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பொங்கிய பெருமிதம் பொசுக்கென்று அடங்கிவிடும். சிலர் சிரிப்பர், சிலர் சினப்பர், 'என்ன சார், விளையாடுகிறீர்களா?' என்று கேட்பவரும் உண்டு. இந்த முகமாற்றத்தைப் பற்றித்தான் எழுதப் புகுகின்றேன். பலருக்கு இது கசக்கும் என்பதை அறிவேன். கசந்தால் கசக்கட்டும்.

முதலில் ரம்லியின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டில் பிறந்த இவர், சுங்கை பெசியில் இருந்த அரச இராணுவக் கல்லூரியில் பயின்றவர். இராணுவக் கல்லூரி என்பதை நம் தந்தையர் ஒரு முறைக்கு இருமுறை படிக்க வேண்டுகின்றேன். பின்னர் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்றார். பொறியியல் பட்டம் என்றால் நம்மவருக்கு மோட்சத்தின் திறவுகோல். அந்தத் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வேறொரு கதவைத் தட்டினார். ஆஸ்திரேலிய பாலே பள்ளியில் பயிற்சி பெற்றார். கிரேம் மர்ஃபி தலைமையேற்று நடத்திய சிட்னி நடனக் குழுவில் தொழில்முறை ஆடுநராகச் சேர்ந்தார். பாலேயிலும் புதுமை நடனத்திலும் தேர்ந்து, வெள்ளையர் நடுவே வெள்ளையர்க்கு நிகராக ஆடிய அந்த இளைஞர், அத்துடன் நின்றிருந்தாலும் வாழ்க்கை நன்றாகவே நடந்திருக்கும். நிற்கவில்லை. ஒடிசாவுக்குப் போய்க் குரு தேவபிரசாத் தாசின் காலடியில் அமர்ந்து ஒடிசி கற்றார். சென்னைக்குப் போய் அடையாறு கே. லட்சுமணனிடம் பரதம் கற்றார். 1983இல் கோலாலம்பூருக்குத் திரும்பி, சூத்ரா நடன அரங்கைத் தொடங்கினார். ஒடிசி என்னும் பெயரே பலர் அறியாதிருந்த இந்நாட்டில் அதனை வேரூன்றச் செய்தவர் அவரே. 2012ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருதும், 2018இல் பத்மஸ்ரீ விருதும் இந்திய அரசு அவருக்கு அளித்த சிறப்புகள். ஒடிசியின் தாயகத்திலேயே போய் ஒடிசி ஆடிக் கைதட்டுப் பெறுவது, திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோய் விற்பது போன்றது. அதனையும் அவர் செய்து காட்டினார்.

அவருடைய பாதை மலர் விரித்த பாதையன்று. ஒரு மலாய் இளைஞர் கண்ணனையும் சிவனையும் மேடையில் ஆடிக் காட்டும்போது அவர்தம் இனத்தாரிடையே கேள்விகள் எழாமல் போகுமா? எழுந்தன. அவர் ஆடுவதை நிறுத்தாமலே விடை சொல்லி வந்தார். நமக்கோ அப்படிப்பட்ட தடை ஒன்றுமில்லை. கண்ணனும் நம்மவன், சிவனும் நம்மவன், மொழி நமது, பண் நமது, தாளம் நமது. நம் பிள்ளைகளைத் தடுப்பவர் வேறு யாருமல்லர், நாமே.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பாலேயில் பழகிய உடல் பரதத்துக்கு எங்ஙனம் பொருந்தியது? இவ்விரண்டும் வடதுருவம் தென்துருவம் போன்றவை என்று பலர் நினைப்பர். ஓரளவு உண்மைதான். பாலே ஆடுபவன் மண்ணை உதறி விண்ணில் எழ விரும்புகின்றான். கால்விரல் நுனியும் தரையைத் தொடுவதை விரும்பாதவன் போல் தாவுகின்றான். நம் ஆடலிலோ பாதம் முழுவதும் மண்ணை அறைந்து முழங்க வேண்டும். ஆயினும் அடிப்படை நிலையில் இரண்டும் உறவுடையவை. தொடையை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறமாகத் திருப்பி, பாதங்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்பது இரண்டிற்கும் பொது. நாம் அரைமண்டி என்கிறோம். அவர்கள் சுவரோரத்துக் கட்டையைப் பற்றிக்கொண்டு நாள்தோறும் அதையொத்த மடக்கத்தைப் பழகுகிறார்கள். அரைமண்டியில் பத்து நிமிடம் தட்டடவு போட்டுப் பாருங்கள். தொடை தீயாய் எரியும். பந்து விளையாடும் பையனுக்குக்கூட அந்த வலி புதிது. இதனை 'மென்மையான கலை', 'பெண்களுக்கு உரிய கலை' என்று சொல்பவர் ஒரு நாளேனும் அரைமண்டியில் நின்றவராக இருக்க மாட்டார்.

ஆடல் பெண்ணுக்கு உரியது என்னும் எண்ணம் தமிழர்க்கு மட்டும் வந்த நோயன்று. பாலேயின் வரலாறே இதற்குச் சான்று. பாலே அரசவையில் ஆண்கள் ஆடிய ஆட்டம். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் 1653இல், தம் 14ஆம் வயதில், கதிரவனாக வேடமிட்டு அவையினர் முன் ஆடினார். அதனாலன்றோ அவருக்குக் கதிரவ மன்னர் என்ற பெயர் நிலைத்தது! 1661இல் நடனத்திற்கென அரச கழகம் ஒன்றையும் நிறுவினார். அத்தகைய கலை, 19ஆம் நூற்றாண்டில் பாரிசு மேடையில் ஆண்களை வெளியே தள்ளிவிட்டது. ஆண் என்பவன் நடனமணியைத் தூக்கி நிறுத்தும் தூணாகக் குறுகினான். 1870இல் அரங்கேறிய 'கொப்பேலியா' என்னும் பாலேயில் நாயகன் வேடத்தையே ஒரு பெண்தான் ஏற்றாள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். பிறகு 1909இல் உருசியாவிலிருந்து வந்த குழுவினர் பாரிசில் ஆடினர். அவர்களில் நிஜின்ஸ்கி என்னும் இளைஞன் தாவிய தாவலைக் கண்டு ஐரோப்பா திகைத்தது. உருசியர் தம் ஆண் ஆடுநரைக் கைவிடாமல் பயிற்றி வந்தனர். கைவிட்டவர் கைதட்டும் இடத்தில் அமர்ந்தனர். இந்த வரியை எழுதும்போது என் நினைவில் நிற்பது பாரிசு அன்று, நம் ஈப்போ.

நிஜின்ஸ்கிக்குப் பின் உலகை ஆண்ட ஆடுநர் ருடால்ஃப் நுரியேவ். 1938இல், சைபீரியா நோக்கி ஓடிய இரயில் வண்டியில் பிறந்தவர். தாத்தார் இன இஸ்லாமியக் குடும்பத்தார். தந்தை செஞ்சேனையில் பணியாற்றியவர். மகன் நாட்டியம் என்று வாயெடுத்தாலே அவருக்குப் பிடிக்காது, அடித்தும் பார்த்தார். மகன் பொறியாளனாகவோ மருத்துவனாகவோ வரவேண்டும் என்பதே அவர் கனவு. கேட்ட குரலாகத் தோன்றவில்லையா? ஊஃபா என்னும் ஊரில் வறுமையில் வளர்ந்த அந்தப் பையன், பிறர் பத்து வயதில் நுழையும் லெனின்கிராடு பள்ளியில் 17ஆம் வயதில்தான் நுழைந்தான். 1961 ஜூன் 16ஆம் நாள் பாரிசு விமான நிலையத்தில் தம் நாட்டுக் காவலரை விட்டுப் பிரிந்து மேலைநாட்டில் தஞ்சம் புகுந்தபோது அவருக்கு வயது 23. மறு ஆண்டிலேயே மார்கோ ஃபான்டீனுடன் இலண்டனில் ஆடினார். 1993இல் மறையும்வரை, பாலேயில் ஆணின் இடம் பெண்ணின் இடத்திற்குத் தாழ்ந்ததன்று என்று நிறுவுவதையே தொழிலாகக் கொண்டார். ஓர் இராணுவத்தான் மகனுக்கும், ஓர் இராணுவக் கல்லூரி மாணவனுக்கும் இழுக்காகாத ஆட்டம், பால்மரம் வெட்டியவர் பேரனுக்கு மட்டும் இழுக்காகிவிடுமா?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் ஆடல் பெண்களுக்கு மட்டும் உரிய அணிகலனாக எப்போது மாறியது? இந்தக் கதையிலும் பாலே வருகிறது என்பது வியப்பு. அன்னா பாவ்லோவா என்னும் உருசிய நடனமணி 1923இல் இலண்டனில் உதயசங்கரைக் கண்டு, இந்தியப் பொருளில் நடனம் அமைக்கச் சொன்னார். அவருடன் கண்ணனாக உதயசங்கர் ஆடினார். அதே பாவ்லோவாவைக் கண்டு பாலே கற்க ஆசைப்பட்ட ருக்மிணி தேவி, பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் கற்கவும் செய்தார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாவே. ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935இல் மேடையேறினார்; 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். அதற்கு முன்னரே, சதிர் என்று இழித்துரைக்கப்பட்ட ஆட்டத்தைக் காப்பாற்ற, ஈ. கிருஷ்ண ஐயர் என்னும் வழக்கறிஞர் பெண் வேடமிட்டுத் தாமே ஆடிக் காட்டினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. வழிவழியாக ஆடிய குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்து விலக, நடுத்தர வகுப்புப் பெண்கள் மேடை ஏறினர். ஆடுபவர் மாறினர், ஆனால் ஆட்டுவித்தவர் யார்? தஞ்சை நால்வர் ஆண்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆண். வழுவூர் இராமையா பிள்ளை ஆண். நட்டுவாங்கத் தாளத்தைக் கையில் பிடித்த ஆண்மகன் ஒவ்வோர் அடவையும் தன் உடலில் அறிந்திருந்தான். மேடையில் மட்டும் அவனுக்கு ஓரத்துப் பாய்தான். அவன் பெயர் அழைப்பிதழில் சிறிய எழுத்தில் அச்சாகும்.

அக்காலத்திலும் விதிவிலக்குகள் இருந்தன. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ராம் கோபால் 1939இல் இலண்டனைக் கலக்கினார்; அவரை இந்தியாவின் நிஜின்ஸ்கி என்றே அழைத்தனர். பின்னர் கலாக்ஷேத்திராவில் லட்சுமணன், தனஞ்சயன், சந்திரசேகர் என்று ஆடவர் அணி ஒன்று உருவாயிற்று. அந்த லட்சுமணனிடம்தான் ரம்லி கற்றார். மலேசியாவில் பிறந்து பரதத்தையும் பாலேயையும் ஒருங்கே பயின்று ஐரோப்பிய மேடைகளில் பெயர் பெற்ற மேவின் கூ என்பவரும் அதே லட்சுமணனின் மாணவரே. நம் நாட்டிலும் தலைநகரில் முதல் தலைமுறை நாட்டிய ஆசிரியராக விளங்கியவர்கள் வி. கே. சிவதாசும் கோபால் ஷெட்டியும். இருவரும் ஆண்கள். ஆண்களிடம் கற்பதற்குப் பெண் பிள்ளைகளை அனுப்பினோம், ஆண்பிள்ளைகளை அனுப்பவில்லை. இதிலுள்ள முரணை யாரேனும் எனக்கு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

தில்லைக் கூத்தனைச் சான்று காட்டுவது மேடைப் பேச்சாளர் வழக்கம். நடராசர் படத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, அப்படத்தின் கீழ் ஆண்பிள்ளை ஒருவனையும் ஆட விடாத விழாக்களில் அமர்ந்து அமர்ந்து அச்சான்றின் மீதே எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. வேறு சான்று தருகின்றேன். தஞ்சைப் பெரிய கோவிலின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 செதுக்கப்பட்டுள்ளன; எஞ்சியவற்றுக்கான கற்கள் செதுக்கப்படாமல் நிற்கின்றன. அந்த 81இலும் ஆடுபவன் ஆடவனாகிய சிவனே. மாதவி ஆடியதாகச் சிலப்பதிகாரம் கூறும் பதினோர் ஆடல்களை எண்ணிப் பாருங்கள். கொடுகொட்டியும் பாண்டரங்கமும் சிவன் ஆடியவை. அல்லியமும் மல்லும் குடமும் மாயோன் ஆடியவை. துடியும் குடையும் முருகன் ஆடியவை. பேடு காமன் ஆடியது. கொற்றவையும் திருமகளும் அயிராணியும் ஆடியவை மூன்றே. பதினொன்றில் எட்டு ஆடவர் ஆடல்! அதுமட்டுமா? வடநாட்டை வென்று திரும்பிய சேரன் செங்குட்டுவன் முன், பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஒருவன் உமையொரு பாகனின் ஆட்டத்தை ஆடினான். ஆண் பாதி அதிர்ந்து ஆட, உமையின் பாதியில் பூண்ட அணிகள் அசையாமல் நிற்க ஆடினான். எத்தகைய உடற்கட்டும் அடக்கமும் வேண்டும் அதற்கு! போர்க்களத்திலிருந்து வந்த வேந்தன் அதனைக் கண்டு மகிழ்ந்தான். 'ஆம்பளைக்கு எதற்கு ஆட்டம்?' என்று கேட்டதாக இளங்கோவடிகள் எழுதவில்லை.

இலக்கியமும் கல்லும் தொலைவில் உள்ளவை என்றால், சுங்கை சிப்புட்டுக்கும் சிம்மோருக்கும் வருவோம். இரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் இப்பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் ஆடியவர் யார்? மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். இரதியாகவும் மன்மதனாகவும் வேடம் கட்டியவர்கள் விடியற்காலை பெரட்டுக்கு வந்து நின்று, கத்தியும் வாளியும் எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போனவர்களே. பொன்னர் சங்கர் கூத்தில் வீரனாக ஆடியவர், மறுநாள் பால் கொட்டகையில் தோளில் காண்டாவுடன் நின்றார். இரதி வேடம் ஆண்தான் கட்டினான். அவன் மீசை மறுவாரம் முளைத்துவிடும். அவன் ஆண்மையை யாரும் ஐயுறவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் கோணிச் சாக்கு விரித்து விடிய விடியப் பார்த்தோம். காவடி எடுத்து ஆடியவர் ஆண். கரகம் ஆடியவர் ஆண். பொய்க்கால் குதிரையில் சுழன்றவர் ஆண். தப்பு அடித்துக்கொண்டே ஆடியவரும் ஆண். இன்று 'ஆண்பிள்ளைக்கு ஏன் சலங்கை?' என்று என்னிடம் கேட்கும் தந்தைக்கு நான் சொல்லும் மறுமொழி இதுவே: உங்கள் அப்பா காலில் என்ன கட்டியிருந்தார் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் புந்தோங்குக்கும் ஈப்போவின் மலிவு வீடுகளுக்கும் பெயர்ந்தனர். அடுக்குமாடியில் கூத்துக்களம் ஏது? கூத்து வாத்தியார் மறைந்தபோது கூத்தும் அவருடன் மறைந்தது. நகரத்தில் அவர்கள் கண்ட ஆடல், பட்டுடையும் அணிகலனும் பூண்ட வசதியான வீட்டுப் பெண்ணின் அரங்கேற்றம். பல்லாயிரம் வெள்ளி செலவு; அச்சடித்த அழைப்பிதழ்; பிரமுகர் வரிசை. அந்த அரங்கேற்றமே பெரும்பாலும் அப்பெண்ணின் கடைசி ஆட்டமாகவும் அமைந்துவிடும் என்பது தனிக்கதை. அதனை வேறோர் இடத்தில் எழுதுவேன். தோட்டத்திலிருந்து வந்தவன் இதனைக் கண்டு இரண்டு பாடங்களைக் கற்றான். ஒன்று, தன் தந்தை ஆடியது கலையன்று, வெறும் கூத்து. மற்றொன்று, கலை என்பது பணக்கார வீட்டுப் பெண் ஆடுவது. இரண்டுமே பொய்ப் பாடங்கள். ஆண்மை என்று நாம் வீம்பு பேசுவதன் அடியில் உண்மையில் மறைந்து கிடப்பது இந்தத் தாழ்வு மனப்பான்மையே என்பது என் துணிபு.

பிள்ளையின் கால் சும்மா இருக்குமா? தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் போகும் சாலையில் நின்று பாருங்கள். உறுமி மேளம் முழங்க, நம் இளைஞர்கள் ஆடுகிறார்கள். அவர்களுள் சிலரின் காலடியில் உள்ள தாள உணர்வைக் கண்டு நான் வியந்ததுண்டு. யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, அடி பிசகவில்லை. ஆனால் மறுநாள் செய்தித்தாளில் அவர்களைப் பற்றி அறிக்கை விடுவோம்: பண்பாடு சீரழிகிறது, தெருவில் ஆடுகிறார்கள் என்று. தெருவில் ஆடாமல் எங்கே ஆடுவார்கள்? மண்டபத்தின் கதவைத் தங்கைக்குத் திறந்து அண்ணனுக்குச் சாத்தியவர் நாமன்றோ! திரையில் பிரபுதேவா ஆடினால் விசில் அடிக்கிறோம். 1983இல் வெளிவந்த 'சலங்கை ஒலி'யில் கமல்ஹாசன் ஆடியதைக் கண்டு கண்ணீர் வடித்தோம். திரைக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதி.

பள்ளிக்கூடத்திலும் இதே அவலம். பேராக்கில் 134 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்தால் ஒன்றை ஒன்று படியெடுத்தது போலிருக்கும். கடவுள் வாழ்த்துக்குப் பெண் பிள்ளைகள் பரதம். அடுத்துப் பையன்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரைப்பாட்டுக்கு உடம்பைக் குலுக்குவது. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை அடவு சொல்லிக் கொடுப்பதைச் சன்னல் வழியே பார்த்தே நாட்டடவு வரை பிடித்துவிட்டான். வகுப்பில் சேர்த்தோம். மூன்று மாதத்தில் மற்ற எல்லோரையும் முந்தினான். கணக்கில் தேறாமலிருந்தவன், தாளக்கட்டை எண்ணப் பழகிய பிறகு பின்னங்களில் தடுமாறுவது குறைந்தது என்று அவனுடைய கணித ஆசிரியரே சொன்னார். வட்டார நடனப் போட்டி ஒன்றுக்கு அவன் பெயரை அனுப்பினோம். 'பரதநாட்டியப் பிரிவு பெண்களுக்கு மட்டுமே' என்று ஒற்றை வரியில் மறுமொழி வந்தது. எந்த அமைப்பு என்பது இங்கு முக்கியமன்று. அந்த வரியை எழுத எந்த அமைப்பின் கையும் நம்மிடையே கூசாது என்பதே முக்கியம். அடுத்த வாரம் பையனின் தந்தை வந்தார். நல்ல மனிதர், லாரி ஓட்டுபவர், பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர். 'சார், தப்பா நினைச்சிக்காதீங்க. ஆம்பளப் பிள்ளை காலுல சலங்கையைக் கட்டினா எங்க பக்கத்துல சிரிக்கிறாங்க. நாளைக்கு இவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்' என்றார். நிறுத்திவிட்டார். பையன் அழவில்லை. சன்னல் பக்கம் வருவதை மட்டும் விட்டுவிட்டான்.

அந்தத் தந்தையை நான் குறை சொல்லமாட்டேன். அவர் ஊர்ச் சிரிப்புக்கு அஞ்சினார். என் வழக்கு, சிரிக்கும் ஊரோடு. பையனை 'அந்தப் பெயர்' சொல்லி அழைக்கும் வாய்கள் யாருடையவை? நம் வாய்களே. பெண் போல் நடக்கிறான் என்று ஒரு பிள்ளையை எள்ளி நகையாடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. பெண்ணாயிருப்பதே இழிவு என்று நம் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடமும் அதுவே. அவர்களும் அதே வகுப்பறையில் அமர்ந்து அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாட்டியம் சோறு போடுமா என்று கேட்பவர் உளர். நேர்மையாகச் சொல்கின்றேன்: பெரும்பாலோர்க்குப் போடாது. பந்து விளையாட்டும் பெரும்பாலோர்க்குச் சோறு போடுவதில்லை. அதற்காக மாலையில் மகனைத் திடலுக்கு அனுப்பாமல் இருக்கின்றோமா? நூறு பையன்கள் ஆடினால் ஒருவன்கூட ரம்லி ஆகாமல் போகலாம். ஆனால் அந்த நூறு பேருக்கும் நிமிர்ந்த முதுகும், கட்டளைக்கு இணங்கும் உடலும், நான்கு பேர் நடுவில் நிற்கும் துணிவும், பாட்டின் பொருளை உணரும் தமிழறிவும் கிடைக்கும். குண்டர் கும்பலில் நம் இளைஞர் சேர்கிறார்கள் என்று மாநாடு கூட்டிப் புலம்புகின்றோம். உடல் வலிமையைக் காட்டவும் கூட்டாளிகள் நடுவே மதிப்புப் பெறவும் ஏங்கும் வயதில், அவர்களுக்கு நாம் திறந்து வைத்த கதவுகள் எத்தனை? நடனம் ஒன்றே இதற்கு மருந்து என்று சொல்லும் பேதைமை எனக்கில்லை. இருக்கின்ற கதவையும் ஏன் சாத்த வேண்டும் என்றே கேட்கின்றேன்.

வறுமையும் கல்வியும் வேலையும் கழுத்தை நெரிக்கும்போது நாட்டியம் பற்றி எழுத நேரமா என்று மற்றொரு சாரார் கேட்பர். இவர்கள் மகள் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்கும்போது இக்கேள்வியைக் கேட்டதில்லை. ஆதலின் மறுமொழி தேவையில்லை.

நம்மிடையே ஆடவர் எவருமே ஆடவில்லை என்று நான் கூறவரவில்லை. சங்கர் கந்தசாமி, அஜித் பாஸ்கரன் தாஸ் போன்றோர் இம்மண்ணில் பரதம் ஆடிப் பெயர் பெற்றனர். 1981இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் ஆண்பிள்ளைகளையும் வரவேற்றுப் பயிற்றி வந்துள்ளது. ஆனால் இவையெல்லாம் தலைநகரிலும் பெருநகரங்களிலும் எரியும் விளக்குகள். புந்தோங் அடுக்குமாடியின் ஏழாம் மாடி வரை அவ்வெளிச்சம் எட்டவில்லை. ஒன்று சொன்னால் வெட்கமாயிருக்கும்: தோட்டப்புறத்து இந்தியப் பிள்ளைகளைத் தேடிப் போய் நாட்டியம் கற்பித்த நிறுவனங்களுள் ரம்லியின் சூத்ராவும் ஒன்று. நம் தாத்தா ஆடிய மண்ணில் நம் பிள்ளைகளுக்குச் சலங்கை கட்ட, ஒரு மலாய்ப் பெருமகனார் வரவேண்டியிருந்தது. அவருக்கு மாலை போட்ட கைகள், அவர் செய்த வேலையில் பாதியையாவது செய்திருக்க வேண்டாமா?

நான் கேட்பவை பெரியவை அல்ல. நடனப் போட்டி நடத்தும் சங்கங்கள் தங்கள் விதிமுறைத் தாளை எடுத்து, 'பெண்களுக்கு மட்டும்' என்ற சொற்களை அடித்துவிட வேண்டும். இதற்குப் பேனா ஒன்று போதும். தமிழ்ப் பள்ளிகள் ஆண்டு விழாவின் கடவுள் வாழ்த்து ஆடலில் பையன்களையும் நிறுத்த வேண்டும். நாட்டிய ஆசிரியைகள் ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளைக்குரிய அடவு வீச்சையும் தாண்டவக் கூறுகளையும் கற்பிக்க முன்வர வேண்டும்; பெண் பிள்ளைக்குச் சொன்ன நளினத்தையே அவனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஊர் சிரிக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை. கோவில் நிருவாகத்தினர் உறுமி அடிக்கும் இளைஞரை அழைத்து, வாரத்தில் ஒரு மாலை மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும். காமன் கூத்து ஆடிய முதியவர் எவரேனும் இன்னும் நம்மிடையே இருந்தால், அவரை முதல் வரிசையில் அமர வைத்து அடிகளைக் கேட்டெழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு நாள் அதிகம் இல்லை.

எங்கள் பள்ளியில் இவ்வாண்டு பையன்களுக்கென்று சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியுள்ளோம். பெயர் கொடுத்தவர் பதினொருவர். பெற்றோர் கையொப்பத்துடன் வந்த படிவங்கள் நான்கு. மூன்று படிவங்கள் 'சம்மதமில்லை' என்று திரும்பி வந்தன. எஞ்சிய நான்கும் வீடுகளில் எங்கோ கிடக்கின்றன. ஆசிரியை நான்கு பேரை வைத்தே அடவு சொல்லத் தொடங்கிவிட்டார்; மிருதங்கம் வாசிக்க முன்னாள் மாணவர் ஒருவர் வருகிறார். காலை 8 மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். கையொப்பமிடாத தந்தையரும் வந்து பார்க்கலாம். பின்வரிசையில் நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறோம்.